வேட்டைப் பையும் பறவைக் கணக்கும்

பெங்களூர்க் கண்டோன்மெண்டின் கிழக்குப் பகுதியில், காக்ஸ் டவுனை அடுத்து ஜீவனஹள்ளி என்னும் குடியிருப்பு உள்ளது. பெயரில் ‘ஹள்ளி’ என்ற கிராமச் சொல் எஞ்சியிருக்கின்றதேயன்றிக் கிராமம் எஞ்சவில்லை. தமிழ்க் குடும்பங்கள் இப்பகுதியில் மிகுதி. 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் தம் படைக்கெனக் கண்டோன்மெண்டை நிறுவியபோது, படையோடு வந்த தமிழரும் படையை நம்பி வந்த தமிழருமாகப் பலர் இங்கே வேரூன்றினர். சிப்பாய்கள், கொத்தர்கள், வணிகர்கள், சமையற்காரர்கள் எனப் பல திறத்தினர் அவர்கள். அவர்கள் யாருக்காக உழைத்தார்களோ அந்த வெள்ளை அதிகாரிகளின் ஓய்வு நாள் பொழுதுபோக்குகளுள் முன்னிடம் பெற்றது பறவை வேட்டை. அந்த வேட்டையிலிருந்து, யாரும் எதிர்பாராத வகையில், பறவைகளை எண்ணும் கலை ஒன்று பிறந்தது. அதன் வரலாற்றை நேயர்களுக்குச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடக்கத்திலேயே ஒரு சொற்சிக்கலைத் தீர்த்துக்கொள்ளுதல் நலம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்கு இச்சிக்கல் புதிதன்று. வேட்டை நூல்களில் அடிக்கடி வரும் ‘ஃபெசண்ட்’ என்ற சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொல் வழக்கில் இல்லை. அப்பெயர் கொண்ட பறவைகள் இமயமலையிலும் அதற்கு அப்பாலும் வாழ்பவை. ஆயினும் ஆங்கிலேயர் நம் நாட்டுச் செம்போத்துக்கு ‘காக்கை ஃபெசண்ட்’ என்று பெயர் சூட்டிவிட்டனர். நீண்ட வாலும், தரையில் நடந்து இரை தேடும் இயல்பும் அவர்களை ஏமாற்றின. கப்பலிலிருந்து இறங்கிய புது அதிகாரிகள் புதரிலிருந்து எழும் செம்போத்தை ஃபெசண்ட் என்று எண்ணிச் சுட்டுச் சமைத்து உண்டு, அதன் கெட்ட சுவையால் முகஞ்சுளித்தனராம். அதனால் ‘கத்துக்குட்டியின் ஃபெசண்ட்’ என்றும் அதற்கு ஒரு கேலிப் பெயர் ஏற்பட்டது. செம்போத்து உண்மையில் குயிலின் உறவினம். பெங்களூர்த் தோட்டங்களில் அதன் ஆழ்ந்த ‘ஊப் ஊப்’ குரலை இன்றும் கேட்கலாம்.

ஃபெசண்டின் மெய்யான சுற்றத்தாரோ நமக்கு மிகவும் பழக்கமானவர்கள். மயில் அக்குடும்பத்தைச் சேர்ந்தது. காட்டுக்கோழியும், சுண்டங்கோழியும், கௌதாரியும், காடையும் அக்குடும்பத்தவையே. குறிஞ்சி நிலத்து மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனின் கதையை அறியாத தமிழர் இல்லை. கானங்கோழி என்ற பெயரே குறுந்தொகையில் இடம்பெற்றிருக்கின்றது. ஆகவே ஃபெசண்ட் வேட்டை என்பது எங்கோ பனிநாட்டுச் செய்தி என்று தள்ளிவிடுவதற்கில்லை. தென்னாட்டுக்கே உரிய சாம்பல்நிறக் காட்டுக்கோழி, பிரெஞ்சு நாட்டு ஆய்வாளர் சொன்னராவின் பெயரை அறிவியலில் தாங்கி நிற்கின்றது. அதன் கழுத்து இறகுகளில் மெழுகு சொட்டியது போன்ற புள்ளிகள் உண்டு. ஐரோப்பாவில் மீன் பிடிப்போர் தூண்டிலில் கட்டும் செயற்கைப் பூச்சிகளுக்கு அவ்விறகுகளே உயர்ந்தவை என்று கருதப்பட்டதால், அக்கோழி உணவுக்காக மட்டுமன்றிக் கழுத்துக்காகவும் வேட்டையாடப்பட்டது.

இனி வேட்டைக்காரரின் கணக்குப் புத்தகத்துக்கு வருவோம். அந்நாளைய ஆங்கில வேட்டையாளர் தாம் சுட்ட ஒவ்வொரு பறவையையும் நாள், இடம், எண்ணிக்கை ஆகியவற்றுடன் குறித்துவைப்பது வழக்கம். ஒரு நாளில் கிடைத்த மொத்தத்தை ‘பை’ என்று சொல்லுவர். இக்குறிப்புகளில் சில நம்மைத் திகைக்கவைக்கும். ராபர்ட் மேன்ஸ்ஃபீல்ட் என்பவர் 1809 முதல் 1829 வரையிலான காலத்தில் அகமத்நகர் மாவட்டத்தில் மட்டும் 961 கானமயில்களைச் சுட்டுக் குறித்துவைத்தார். கானமயில் பெயரளவில் மயிலே தவிர, அது வேறு குடும்பத்தது. திறந்த புல்வெளியில் நடக்கும் பெரும்பறவை. இன்று இந்தியா முழுவதிலும் எஞ்சியுள்ள கானமயில்கள் 150-ஐத் தாண்டமாட்டா என்பது ஆய்வாளர் மதிப்பு. ஒரு மனிதர் ஒரு மாவட்டத்தில் இருபது ஆண்டுகளில் சுட்டது, இன்று ஒரு நாட்டில் இருப்பதைப் போல் ஆறு மடங்குக்கும் மேல். கருநாடகத்தில் பல்லாரி மாவட்டத்துச் சிறுகுப்பாப் பக்கத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க சில கானமயில்கள் காணப்பட்டு வந்திருக்கின்றன.

இக்குறிப்புகளை வெறும் பெருமையடிப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. அந்நாளில் பறவைகளைப் பற்றி எழுத்தில் இருந்த எண்கள் பெரும்பாலும் இவையே. சென்னைப் படையில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன் 1839-ஆம் ஆண்டு முதல் தீபகற்பத்துப் பறவைகளின் பட்டியலைச் சென்னை இலக்கிய, அறிவியற் சங்கத்தின் இதழில் வெளியிட்டார். பின்னர் இந்தியப் பறவைகள் பற்றிய பெருநூலை 1862-க்கும் 1864-க்கும் இடையில் எழுதி முடித்தார். அடுத்து வந்தவர், காங்கிரஸ் மகாசபையின் பிறப்புக்குக் காரணராக நம் நினைவில் நிற்கும் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். அவர் மார்ஷல் என்பவருடன் சேர்ந்து, இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளின் வேட்டைப் பறவைகளைப் பற்றி 1879-க்கும் 1881-க்கும் இடையில் மூன்று தொகுதிகள் வெளியிட்டார். நாட்டின் மூலைமுடுக்குகளில் இருந்த வேட்டைக்கார அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, எந்தப் பறவை எந்த மாதத்தில் வருகின்றது, எங்கே முட்டையிடுகின்றது, மிகுதியா அரிதா என்று கேட்டுத் திரட்டிய செய்திகளே அந்நூலின் உயிர்நாடி. அவர் பல்லாண்டு எழுதி வைத்திருந்த வேறு கையெழுத்துப் படிகளைச் சிம்லாவில் வேலைக்காரர் ஒருவர் பழைய காகிதமாகக் கடையில் விற்றுவிட்டார் என்பதும், மனமுடைந்த ஹியூம் தம் பெருஞ்சேகரிப்பை 1885-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார் என்பதும் பலரும் அறிந்த வரலாறு. காங்கிரஸ் முதன்முதலாகக் கூடியதும் அதே ஆண்டில்தான்.

ஆனால் ‘பை’யைக் கொண்டு பறவைகளின் தொகையை அறிய முடியுமா? வேட்டைக்காரர் முடியும் என்று நம்பினர். சென்ற ஆண்டு பை கனத்தது, ஆகவே இவ்வாண்டும் கனக்கும் என்பது அவர்களுடைய எதிர்பார்ப்பு. இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் பொய்க்கக்கூடியது என்பதற்குப் பரத்பூர் சாட்சி. இராஜஸ்தானத்துப் பரத்பூரில் கேவலாதேவ் நீர்நிலையின் கரையில் ஒரு கல்வெட்டு நிற்கின்றது. எந்த நாளில், எந்த வைசிராய் முன்னிலையில், எத்தனை துப்பாக்கிகள் எத்தனை வாத்துகளை வீழ்த்தின என்று அதில் பொறித்திருக்கின்றார்கள். 1902-ஆம் ஆண்டில் கர்சான் பிரபு வந்தபோது 17 துப்பாக்கிகள் 540 பறவைகளை வீழ்த்தின. 1938-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் லின்லித்கோ பிரபு வந்தபோது 39 துப்பாக்கிகள் 4,273 பறவைகளை வீழ்த்தின. வகுத்துப் பார்த்தால், துப்பாக்கி ஒன்றுக்கு 32 என்றிருந்தது 110-ஆக உயர்ந்திருக்கின்றது. இதை மட்டும் படிப்பவர், முப்பத்தாறு ஆண்டுகளில் வாத்துகள் மும்மடங்கு பெருகின என்று முடிவு கட்டிவிடலாம். பெருகியவை வாத்துகள் அல்ல, ஏற்பாடுகள். மறைவிடங்களும், நீரை நிறுத்திவைக்கும் கரைகளும், தோட்டாக்களை எடுத்துக்கொடுக்கும் ஆட்களும் பெருகியதால் பை கனத்தது.

தென்னாட்டிலும் இதே மயக்கம் உண்டு. பெங்களூரைச் சுற்றியிருந்த ஏரிகளிலும் அவற்றின் கீழுள்ள நெற்கழனிகளிலும், ஐப்பசி தொடங்கி உள்ளான்களும் வாத்துகளும் வடக்கிலிருந்து வந்து இறங்கும். மழை குறைந்து ஏரிகள் பல வற்றிய ஆண்டில், நீர் நின்ற இரண்டொரு ஏரியில் பறவைகள் நெருக்கியடித்துக்கொண்டு கூடும். வேட்டைக்காரர் ‘இவ்வாண்டு பறவை அமோகம்’ என்பார். மழை நன்கு பெய்த ஆண்டிலோ, பறவைகள் நூறு ஏரிகளுக்குச் சிதறிவிடும். ‘இவ்வாண்டு பறவையே இல்லை’ என்பார் அவரே. பறவைகளுக்கு நல்ல ஆண்டு எதுவோ, அதுவே வேட்டைக்காரருக்குக் கெட்ட ஆண்டு!

மலையிலும் அவ்வாறே. மூங்கில் பூத்து விதை உதிர்க்கும் காலத்திலும், குறிஞ்சிச் செடிகள் பூத்துக் காய்க்கும் காலத்திலும், அவ்விதைகளைத் தின்னக் காட்டுக்கோழிகள் பல திசைகளிலிருந்தும் ஓரிடத்தில் வந்து திரளும். நீலக்குறிஞ்சி பூப்பது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை. அந்தப் பருவத்தில் ஒரு சரிவில் கண்ட கூட்டத்தை வைத்து மலை முழுவதையும் மதிப்பிட்டால் கணக்கு எங்கே போய் நிற்கும்? பழைய வேட்டைக் குறிப்புகளில் நாம் படிக்கும் ‘எண்ணிறந்த கோழிகள்’ என்ற சொற்றொடரை இந்த எச்சரிக்கையோடுதான் படிக்கவேண்டும் என்பது என் கருத்து.

துப்பாக்கியின் வளர்ச்சியையும் இரயிலையும் இங்கே மறந்துவிடலாகாது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர்க் கண்டோன்மெண்டுக்கு இரயில் வந்தது 1864-ஆம் ஆண்டில். வாய்வழி மருந்திட்டுக் கெட்டிக்கும் பழந்துப்பாக்கி மறைந்து, பின்புறம் தோட்டா செருகும் துப்பாக்கி பரவியதும் ஏறத்தாழ அக்காலமே. முன்பு இரண்டு நாள் குதிரையில் சென்று பத்துப் பறவை சுட்டவர், இப்போது ஒரு காலைப் பொழுதில் ஐம்பது சுட இயலும்.

குறைவை முதலில் உணர்ந்தவர்களும் வேட்டைக்காரர்களே. இதைச் சொல்லாமல் விட்டால் அது நீதியாகாது. நீலகிரியில் 1877-ஆம் ஆண்டில் வேட்டைப் பிராணிகளையும் மீன்களையும் காக்க ஒரு சங்கம் தோன்றியது. அடுத்த இரண்டாண்டில், 1879-இல், நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் பிறந்தது. மைசூர் சமஸ்தானம் 1901-இல் இதைப் போன்ற ஓர் ஒழுங்குமுறையை இயற்றியது. இவற்றுக்கிடையே 1887-ஆம் ஆண்டு வந்த காட்டுப் பறவைகள் பாதுகாப்புச் சட்டம் சுவையானது. அது காட்டுக்குள் நுழையவில்லை. நகரசபை எல்லைக்குள்ளும் கண்டோன்மெண்ட் எல்லைக்குள்ளும் இனப்பெருக்கக் காலத்தில் புதிதாகக் கொன்ற பறவைகளை வைத்திருப்பதையும் விற்பதையும் தடுக்கவே அது அதிகாரம் அளித்தது. சந்தையை மூடினால் வலை தானே ஓயும் என்பது அதன் தருக்கம். 1912-ஆம் ஆண்டுச் சட்டம் ஒருபடி மேலே சென்றது. கானமயில், வாத்து, காட்டுக்கோழி, கௌதாரி, மயில், ஃபெசண்ட், காடை, சுண்டங்கோழி முதலியவற்றைப் பட்டியலிட்டு, அவற்றுக்கு மாகாண அரசுகள் ‘மூடிய காலம்’ குறிக்கலாம் என்றது. அக்காலத்தில் கொல்லுதலும் பிடித்தலும் விற்றலும் குற்றம்.

இச்சட்டங்களின் நோக்கம் பறவைகளின்மீது இரக்கம் என்று கொள்ள வேண்டா. அடுத்த பருவத்துக்கு வேட்டை மிஞ்சவேண்டும் என்பதே நோக்கம். வலையும் கண்ணியும் வைத்துக் கௌதாரி பிடித்துப் பிழைத்த ஏழையின் தொழில் குற்றமாயிற்று. உரிமம் பெற்ற துப்பாக்கி ‘விளையாட்டு’ எனப் பெயர் பெற்றது. பழக்கிய கௌதாரியைக் கூண்டில் வைத்துக் கூவச்செய்து காட்டுக் கௌதாரியை இழுக்கும் கலையை நம் ஊர்ப்புறங்களில் அறிந்தவர் பலர் இருந்தனர். பறவையின் குரலைக் கேட்டே இங்கே இத்தனை இருக்கின்றன என்று சொல்லும் திறமை அவர்களுக்கு உண்டு. அத்திறமையின் அருமை அறிவியலுக்குப் புலப்பட இன்னும் அறுபது, எழுபது ஆண்டுகள் ஆயின.

அதிகாரிகளின் சட்டத்துக்கு நெடுநாள் முன்னரே குடிமக்கள் கேட்டுப் பெற்ற பாதுகாப்பு ஒன்றும் நம் நாட்டில் உண்டு. செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரியில் வந்து கூடுகட்டும் பறவைகளைப் படைவீரர்கள் சுட்டனர். ஊரார் திரண்டு, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் முறையிட்டுப் பாதுகாப்புப் பத்திரம் பெற்றனர் என்பது வழிவழி வரும் செய்தி. 1858-இல் அவ்வுரிமை மீண்டும் உறுதி செய்யப்பட்டது. 1936-இல் முறையான சரணாலயமாயிற்று. ஊராரின் காரணம் தெளிவானது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் கழனிக்கு உரம். அவ்வேரியில் பறவை குறைந்தால் அவர்களுடைய நெல்லும் குறையும்.

எண்ணாமையின் விளைவு எத்தகையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறி மேலே செல்வேன். இமயமலைக் காடை என்ற சிறு பறவை, ஃபெசண்ட் குடும்பத்தது. இங்கிலாந்தில் டார்பி பிரபுவின் சேகரிப்பிலிருந்த உருவைக்கொண்டு 1846-இல் அதற்கு அறிவியற் பெயர் இடப்பட்டது. 1865-இல் முசூரிக்கருகே ஓர் இணை சுடப்பட்டது. 1876-இல் நைனிதாலில் ஒன்று சுடப்பட்டது. அதன்பின் உறுதியாக அதை யாரும் கண்டதில்லை. உலக அருங்காட்சியகங்களில் ஒரு பத்து, பன்னிரண்டு பதனிட்ட உடல்களே அதன் முழு வரலாறு. எத்தனை இருந்தன, எப்போது குறைந்தன, ஏன் குறைந்தன என்ற ஒரு வினாவுக்கும் விடையில்லை. யாரும் எண்ணவில்லை.

எண்ணத் துணிந்தவர்கள் அமெரிக்கர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஃபெசண்ட் அமெரிக்காவின் பறவையன்று. ஷாங்காயில் அமெரிக்கத் தூதராக இருந்த ஓவன் டென்னி 1881-இலும் 1882-இலும் சீனத்துக் கழுத்துவளைய ஃபெசண்டுகளைக் கப்பலேற்றி ஆரிகன் மாநிலத்துக்கு அனுப்பினார். முதல் தொகுதியில் பெரும்பாலானவை வழியில் மாண்டன. இரண்டாவது தொகுதி பிழைத்துப் பெருகியது. பத்தாண்டு காத்திருந்து 1892-இல் வேட்டைப் பருவத்தைத் திறந்தபோது, முதல் நாளிலேயே 50,000 பறவைகள் வீழ்ந்தன என்று சொல்லுவர். அங்கிருந்து அது நாட்டின் நடுப்பகுதிக்குப் பரவியது. தெற்கு டகோட்டா மாநிலம் 1919-இல் ஒரு நாள் மட்டும் வேட்டைக்கு இடங்கொடுத்தது. 1945-ஆம் ஆண்டில் அங்கே ஒரு கோடியே அறுபது இலட்சம் ஃபெசண்டுகள் இருந்தன என மதிப்பிட்டனர். பொருளாதார நெருக்கடியாலும் போராலும் உழவு குன்றி, நிலங்கள் களையும் புல்லுமாகக் கிடந்ததே அப்பெருக்கத்துக்குக் காரணம். மனிதருக்குத் துயரமான பத்தாண்டு பறவைக்குப் பொற்காலமாயிற்று.

அவர்கள் எண்ணிய முறை எளியது, அழகியது. ஆகஸ்டு மாதத்தில் காற்றில்லாத, பனித்துளி நிறைந்த விடியற்காலையைத் தேர்ந்துகொள்ளுவர். புல் முழுவதும் நனைந்திருப்பதால் தாய்க்கோழி தன் குஞ்சுகளை உலர்ந்த கப்பிச் சாலைக்கு அழைத்துவந்து வெயில் காயும். அவ்வேளையில் குறித்த ஒரே வழியில் ஏறத்தாழ 30 மைல் மெதுவாக வண்டியோட்டிச் சென்று, சேவல் எத்தனை, பெட்டை எத்தனை, பெட்டைக்குக் குஞ்சு எத்தனை என்று எண்ணுவர். ஆண்டுதோறும் அதே வழி, அதே நேரம். ஆகவே மொத்தம் எவ்வளவு என்பது தெரியாவிட்டாலும், சென்ற ஆண்டினும் கூடிற்றா குறைந்ததா என்பது தெரியும். வசந்தகாலத்தில் சேவல்கள் கூவும் எண்ணிக்கையைக் கேட்டுக் கணக்கிடும் முறையும் 1940-களின் இறுதியில் உருவாயிற்று. இலையுதிர்காலத்தில் வேட்டைப் பருவம் தொடங்குமுன் இம்முடிவுகள் வெளியாகும். வேட்டைக்காரர்கள், நம் உழவர் பஞ்சாங்கத்தின் மழைப்பலனைப் படிப்பதுபோல், அவற்றை ஆவலோடு படிப்பர்.

இக்கணக்குகள் கற்பித்த பாடம் வேட்டைக்காரரே எதிர்பாராதது. அங்கே சேவலை மட்டுமே சுட அனுமதி. ஒரு சேவல் பல பெட்டைகளோடு கூடுமாதலால், சேவல்களில் பெரும்பகுதி குறைந்தாலும் அடுத்த ஆண்டுக் குஞ்சுகள் குறைவதில்லை. ஏற்றமும் இறக்கமும் பெரும்பாலும் மூன்றைப் பொறுத்தவை: குளிர்காலப் பனி, வசந்தகால மழை, கூடு கட்டப் புல். புல் போனால் பறவை போயிற்று. அரசு பணங்கொடுத்து உழவரின் நிலத்தைத் தரிசாக விடச்செய்த 1956-ஆம் ஆண்டுத் திட்டத்தாலும், 1985-ஆம் ஆண்டுத் திட்டத்தாலும் பறவை பெருகிற்று. திட்டம் சுருங்கியபோது பறவையும் சுருங்கிற்று.

இதன் முடிவுப் பகுதியையும் சொல்லவேண்டும். தெற்கு டகோட்டா 2019-இல் எண்ணியபோது முந்திய ஆண்டினும் 17 விழுக்காடு குறைவு என்று கண்டது. 2020-இல் அவ்வாண்டுக் கணக்கெடுப்பையே கைவிட்டது. குறைந்த எண்ணைக் கேட்டால் வெளியூர் வேட்டைக்காரர் வாராமற் போவர், விடுதிகளும் கடைகளும் வருவாய் இழக்கும் என்ற கவலை அம்முடிவின் பின்னணியில் பேசப்பட்டது. காய்ச்சல் மானியை உடைத்துவிட்டால் காய்ச்சல் தெரியாது என்பது போன்ற வழி இது. பல்லாண்டு தொடர்ந்த ஓர் எண் வரிசையை அறுத்துவிட்டால் பிறகு அதை ஒட்டவைப்பது எளிதன்று.

நம் நாட்டில் முறையான கள ஆய்வு வேட்டைப் பரம்பரையிலிருந்தே கிளைத்தது. சலீம் அலி சிறுவயதில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டு, அது என்ன பறவை என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் வாயிலை மிதித்ததே அவருடைய வாழ்வின் திருப்பம். அவர் ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி எனச் சமஸ்தானம் சமஸ்தானமாகப் பறவைகளை ஆராய்ந்தார். மைசூர் சமஸ்தானத்தில் மகாராசாவின் ஆதரவோடு 1939-40-இல் ஆய்வு நடத்தினார். அவ்வாய்வுகள் எந்தப் பறவை எங்கே உண்டு என்பதைச் சொல்லின. எத்தனை உண்டு என்ற வினா அதன் பின்னரே எழுந்தது. இமயமலை ஃபெசண்டுகளை எண்ணும் முயற்சி 1978 முதல் 1980 வரை இமாசலப் பிரதேசத்தில் ஆன்டனி காஸ்டன் முதலிய ஆய்வாளர்களால் நடைபெற்றது. செங்குத்தான சரிவில் மூங்கிலடர்ந்த காட்டில் பறவையைக் கண்ணால் காணுதல் அரிது. ஆகவே விடியுமுன் மேட்டில் அமர்ந்து, கூவும் சேவல்களைத் திசைவாரியாகக் குறித்தனர். கூண்டுக் கௌதாரிக்காரரின் கலைதான் அது. கையில் திசைகாட்டியும் குறிப்பேடும் சேர்ந்துவிட்டன. அவ்வாய்வின் பயனாகப் பெரிய இமயமலைத் தேசியப் பூங்கா 1984-இல் திட்டமிடப்பட்டது. 2014-இல் அது உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மிக அரிய ‘ஜுஜுராணா’ என்னும் ஃபெசண்ட் அங்கே வாழ்கின்றது.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு இந்தியாவில் வேட்டை ஒழிந்தது என்று பலரும் கருதுகின்றனர். அது முழு உண்மையன்று. அச்சட்டம் தொடக்கத்தில் ‘சிறு வேட்டை’க்கு உரிமம் வழங்க இடம் வைத்திருந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தமே அவ்வாயிலை அடைத்தது. இன்று உணவு விடுதிகளில் நாம் உண்ணும் காடையும் காட்டுக்காடையன்று. 1974-இல் இசத்நகருக்கு வெளிநாட்டிலிருந்து வந்து, பிறகு பண்ணைகளில் பெருகிய ஜப்பானியக் காடையின் வழித்தோன்றல் அது.

வேட்டை போயிற்று, எண்ணுதல் நிற்கவில்லை. இதற்கும் வெளிநாட்டில் முன்னோடி உண்டு. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளில் இரு கட்சியாகப் பிரிந்து யார் அதிகம் சுடுவது என்று போட்டியிடும் வழக்கம் இருந்தது. 1900-ஆம் ஆண்டில் ஃபிராங்க் சாப்மன் என்பவர், சுடுவதற்கு மாறாக எண்ணுவோம் என்றார். அன்று 27 பேர் எண்ணினர். இன்றும் அது தொடர்கின்றது. நம் நாட்டில் 1987-இல் தொடங்கிய நடுக்குளிர்கால நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் பெங்களூர்ப் பறவை ஆர்வலர் ஊக்கத்துடன் கலந்துகொண்டனர். துப்பாக்கியுடன் அதிகாரிகள் இறங்கிய அதே வகை ஏரிக்கரைகளில், சனவரிக் காலைகளில், தொலைநோக்கியும் பென்சிலுமாக அவர்கள் நின்றனர். அவர்கள் கண்ட பெருந்தீங்கு சுடுதல் அன்று. கழிவுநீரும், குப்பையும், ஏரியைத் தூர்த்து மனையாக்கும் வேகமுமே. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாள்களில் பறவை எண்ணும் வழக்கம் ஏற்பட்டிருக்கின்றது. பொங்கலுக்கு ஊர் செல்லும் வெளிமாநிலத் தமிழர், மாட்டுப் பொங்கலன்று பதினைந்து நிமிடம் கண்மாய்க் கரையில் நின்றால் அதில் பங்கு கொள்ளலாம்.

இத்தகைய தன்னார்வக் குறிப்புகள் ஒரு கோடிக்கு மேல் சேர்ந்ததைக்கொண்டு 2020-இல் இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை வெளியாயிற்று. 867 இனங்களை அது ஆராய்ந்தது. பல இனங்கள் குறைந்து வருகையில், ஃபெசண்ட் குடும்பத்தின் தலைவனான மயில் மட்டும் வியக்கத்தக்கவாறு பெருகியிருக்கின்றது என்று அது காட்டிற்று. 1963-இல் தேசியப் பறவையாக அறிவிக்கப்பெற்ற மயில், முன்பு காணப்படாத கேரளப் பகுதிகளிலும் இன்று அகவுகின்றது. தமிழ்நாட்டில் கடலையும் சோளமும் காய்கறியும் பயிரிடும் உழவர், விதைத்ததை மயில் கிளறித் தின்றுவிடுகின்றது என்று முறையிடுகின்றனர். கலெக்டர் அலுவலகத்துக் குறைதீர்க்கும் கூட்டங்களில் அந்த முறையீடு எழுகின்றது. எத்தனை மயில் என்று வேட்டைக்காரர் கேட்ட காலம் போய், எத்தனை மயில் என்று உழவர் கேட்கும் காலம் வந்திருக்கின்றது. பயிரிழப்புக்கு ஈடு தருவதா, எவ்வளவு தருவது, எந்த ஒன்றியத்தில் தொல்லை மிகுதி என்று முடிவு செய்யவும் ஊர்வாரியான எண் வேண்டும். நாடு முழுவதுக்குமான ஏற்ற இறக்கம் நம் கையில் இருக்கின்றது. ஓர் ஊரின் புஞ்சைக்குள் விடியற்காலையில் அகவும் மயில்களின் கணக்கை அவ்வூரார்தாம் எடுத்துத் தரவேண்டும்.